போக்கு எது, அலை எது: டர்பன் வீட்டுச் சாமான் சந்தையைப் புரிந்துகொள்ள ஓர் எளிய விளக்கம்

2022, 2023-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எந்த எலெக்ட்ரிக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் பட்டவை சக்கரம் வைத்த இன்வெர்ட்டர் பெட்டியும் சார்ஜ் ஏற்றும் பல்புகளும்தான். அடுக்க அடுக்கப் போயின. இனி இதுதான் வியாபாரம் என்று நம்பிக் கன்டெய்னர் கணக்கில் சரக்கு இறக்கியவர்கள் உண்டு. 2024 மார்ச் 26-இல் அரசு மின் நிறுவனமான எஸ்காம் லோட்ஷெடிங்கை, அதாவது முறைவைத்துச் செய்யும் மின்வெட்டை, நிறுத்தியது. அடுத்த 300 நாளுக்கு மேல் அது திரும்பவில்லை. பிறகு 2025-இல் சில முறை தலைகாட்டியதோடு சரி. பல்பு கேட்டு வந்த கூட்டம் போன இடம் தெரியவில்லை. ஆனால் அதே லோட்ஷெடிங்குக்காக வாங்கத் தொடங்கிய கேஸ் அடுப்பு இன்னும் விற்கிறது.

ஒரே காரணத்தால் கிளம்பிய இரண்டு சரக்கில் ஒன்று படுத்தது, ஒன்று நின்றது. இதற்கு விடை தெரிந்தால் நுகர்வுப் போக்கு என்ற விஷயத்தில் பாதி தெரிந்த மாதிரி.

பல்புக்கு இருந்த காரணம் இருட்டு ஒன்றுதான். அது போனதும் தேவையும் போயிற்று. கேஸ் அடுப்புக்கோ முதல் காரணம் விலகும்போதே இரண்டாவது காரணம் வந்து சேர்ந்துவிட்டது. எஸ்காமின் மின்கட்டண உயர்வுக்கு ஒழுங்குமுறை அமைப்பான நெர்சா ஒப்புதல் தந்த அளவைப் பாருங்கள்: 2023-இல் 18.65%, 2024-இல் 12.74%, 2025-இல் மறுபடியும் ஏறக்குறைய அதே. டர்பனின் எதெக்வினி நகராட்சி வழியாக வரும் பில்லில் கணக்கு சற்று மாறும். ஏறும் திசை மாறாது. ஆகவே மின்சாரம் இருக்கும் வீட்டிலும் பருப்பும் கறியும் கேஸில் வேகின்றன. ஏர் ஃப்ரையர் நிலைத்ததும் இப்படித்தான். 1,500 வாட் ஏர் ஃப்ரையர் 20 நிமிடம் ஓடினால் அரை யூனிட். அதே கோழித் துண்டுகளுக்குப் பெரிய அவனைச் சூடேற்றி முடிப்பதற்குள் ஒரு யூனிட்டுக்கு மேல் போய்விடும்.

ஆக, ஒரு பொருள் ஏன் விற்கிறது என்பதற்கு ஒரே ஒரு காரணம் சொல்ல முடிந்து, அந்தக் காரணமும் யாரோ ஒருவர் சுவிட்சைத் தட்டினால் மறையக்கூடியதாக இருந்தால், அது அலை. இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்து தாங்கினால் போக்கு. அலையில் பணம் பண்ணக்கூடாது என்பதில்லை. அலையில் கடைசியாகச் சரக்கு எடுப்பவர் நாமாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். மிஞ்சிய பல்புகளுக்கு இன்னொரு கேடும் உண்டு: உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி சார்ஜ் இறங்கியபடி வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் செத்துவிடும். தள்ளுபடியில் விற்றாலும் திரும்பி வரும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைப் பிரித்துப் பாதி சார்ஜ் ஏற்றி வைப்பவருக்கே அந்தச் சரக்கு சரக்கு.

முன்கூட்டியே நடந்துவிட்ட விற்பனை

புதிதாகக் கடை போடுபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. 2020 மார்ச் 27-இல் ஊரடங்கு தொடங்கிய பிறகு வீட்டிலிருந்து வேலை செய்ய மேசை, நாற்காலி, அலமாரி வாங்கினார்கள். மேசை, குளியல் துண்டு மாதிரி அடிக்கடி மாற்றுவதில்லை. ஒருமுறை வாங்கினால் பத்து வருடம் கிடக்கும். 2023-இல் வாங்கியிருக்க வேண்டியவரும் 2020-இலேயே வாங்கிவிட்டார் என்றால், 2023-இல் கடை காற்றாடுவதற்குப் பெயர் மந்தம் அல்ல. அந்த விற்பனை முன்னாலேயே நடந்து முடிந்துவிட்டது.

இதற்காகத்தான் ஒவ்வொரு பொருளுக்கும் மாற்றுக் காலம் என்று ஒன்றை மனத்தில் வைத்திருக்க வேண்டும். தோராயமாகச் சொன்னால் குளியல் துண்டு இரண்டு மூன்று வருடம், நான்ஸ்டிக் சட்டி அதே அளவு, மெத்தை எட்டு முதல் பத்து, ஃபிரிட்ஜ் அதற்கும் மேல். காலம் குறைந்த பொருளில் போக்கு சீக்கிரம் தெரியும், சீக்கிரம் திருந்தவும் முடியும். மெத்தையிலும் சோபாவிலும் தப்புக்கணக்கு போட்டால் வருடக்கணக்கில் கையைக் கடிக்கும்.

நவம்பர் கடைசியில் வரும் பிளாக் ஃப்ரைடேயும் இதே வேலையைச் செய்கிறது. நவம்பரில் விற்பனை எகிறும், டிசம்பரில் முகம் வாடும். பெரும்பாலும் அது டிசம்பர் வாடிக்கையாளர்தான், மூன்று வாரம் முன்னால் வந்திருக்கிறார், அதுவும் குறைந்த விலைக்கு. அதனால் நவம்பரைத் தனியாக, டிசம்பரைத் தனியாக ஒப்பிடவே கூடாது. இரண்டையும் கூட்டிப் போன வருடத்தின் இரண்டு மாதத்தோடு ஒப்பிடுங்கள். கூட்டுத்தொகை ஏறாமல் நவம்பர் மட்டும் ஏறியிருந்தால் நீங்கள் லாபத்தைத்தான் தானம் பண்ணியிருக்கிறீர்கள்.

2024 செப்டம்பர் 1 முதல் வந்த இரட்டைப் பானை ஓய்வூதிய முறையும் இன்னொரு உதாரணம். ஓய்வூதியப் பணத்தை இரண்டாகப் பிரித்து, அதில் சேமிப்புப் பகுதியிலிருந்து வேலையில் இருக்கும்போதே பணம் எடுக்க முதல்முறையாக அனுமதி கிடைத்தது. தொடக்கத் தொகையாக அதில் வைக்கப்பட்டது அதிகபட்சம் 30,000 ராண்ட். அந்த ஆண்டுக் கடைசியில் கடைகளுக்கு வந்த பணத்தில் இதுவும் ஒரு பங்கு. முதல் முறை எடுத்த அளவு ஒவ்வொரு வருடமும் இருக்காது. அந்தக் காலாண்டின் விற்பனையை அடிப்படையாக வைத்து அடுத்த வருடத்துக்கு ஆர்டர் போட்டால் சரக்கு தேங்கத்தான் செய்யும்.

பஞ்சாங்கமும் சந்தையும்

இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெர்பேங்க், வெருலம் பக்கம் கடை வைத்திருப்பவருக்குச் சீசன் என்பது இரண்டு பஞ்சாங்கம் சேர்ந்தது. ஆடி மாதத்தில் அம்மனுக்குக் கஞ்சி ஊற்றும் வீடுகளும் கோயில்களும் பெரிய அலுமினியப் பானை, நீளக் கரண்டி, வாளி கேட்பார்கள். புரட்டாசியில் மாதம் முழுக்க மரக்கறி. அதற்கென்று தனிப் பாத்திரம் எடுத்து வைக்கும் வீடுகளில் சட்டி, கரண்டி, டப்பா மாறும். தீபாவளிக்குப் பித்தளை விளக்கு, தட்டு, பலகாரம் வைக்கும் ஸ்டீல் டப்பா, கூடவே திரைச்சீலையும் குஷன் உறையும். டிசம்பரில் போனஸ் பணம் வந்தால் சோபா, டிவி ஸ்டாண்டு.

கடைக்கு வருபவர் தமிழர் மட்டும் என்று நினைத்துவிடக்கூடாது. ஜூலு குடும்பங்களின் உமாபோ என்ற திருமணச் சடங்கில் மணப்பெண் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போர்வை, புல்பாய், பாத்திரம் கொடுப்பது வழக்கம். உறவு முழுக்கச் சேர்த்தால் ஒரே குடும்பம் ஒரே நாளில் பத்துப் பதினைந்து கனமான போர்வை வாங்கும். போர்வை என்றால் குளிர்காலம் என்று மட்டும் கணக்குப் போட்டு, இங்கே கோடையான டிசம்பரில் இருப்பு வைக்காத கடை இந்த வியாபாரத்தைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பிவிடும்.

எண்களை எங்கே பார்ப்பது

ஸ்டாட்ஸ் எஸ்ஏ என்ற அரசுப் புள்ளிவிவர நிறுவனம் மாதாமாதம் சில்லறை விற்பனை அறிக்கை வெளியிடுகிறது, இலவசம். அதில் வீட்டு மரச்சாமான், சாதனங்களுக்கு ஒரு வரிசை, ஹார்டுவேர்-பெயின்ட்-கண்ணாடிக்கு ஒரு வரிசை. படிக்கும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். அந்த வரிசைகள் கடையின் வகையைப் பொறுத்தவை, பொருளைப் பொறுத்தவை அல்ல. சூப்பர்மார்க்கெட்டில் விற்ற சட்டி பொது வியாபாரிகள் கணக்கில் போய்விடும். துணிக்கடையில் விற்ற படுக்கை விரிப்பு ஜவுளிக் கணக்கில் சேரும். ஆகவே மரச்சாமான் வரிசை இறங்கினால் பாத்திர வியாபாரமும் இறங்கிவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

மற்றது, நடப்பு விலை, நிலை விலை என்ற வித்தியாசம். போன வருடம் 100 ராண்டுக்கு விற்ற கடை இந்த வருடம் 106-க்கு விற்று, விலையும் 6% ஏறியிருந்தால் அலமாரியிலிருந்து இறங்கிய எண்ணிக்கை அதேதான். நிலை விலை அட்டவணை இந்த விலையேற்றத்தைக் கழித்துக் காட்டும். போக்கைப் பார்க்க அதுதான் உதவும்.

ஸ்டெலன்போஷில் உள்ள பொருளாதார ஆய்வு மையம் எஃப்என்பி வங்கியோடு சேர்ந்து காலாண்டுக்கு ஒருமுறை நுகர்வோர் நம்பிக்கைக் குறியீடு வெளியிடுகிறது. மக்களிடம் கேட்கும் மூன்று கேள்விகளில் ஒன்று, மரச்சாமான், சாதனம் போன்ற நீடித்து உழைக்கும் பொருளை வாங்க இது நல்ல நேரமா என்பது. மொத்தக் குறியீட்டை விட்டுவிட்டு இந்த ஒரு பதிலை மட்டும் பார்த்தாலே நம் தொழிலுக்குப் போதும்.

வட்டி இன்னொரு எண். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ 2021 நவம்பரில் 3.5%-இலிருந்து ஏறத் தொடங்கி 2023 மேயில் 8.25%-ஐத் தொட்டது, 2024 செப்டம்பரில்தான் இறங்க ஆரம்பித்தது. வீட்டுக்கடன் தவணை ஏறினால் வீடு மாறுவது தள்ளிப்போகும். வீடு மாறாதவர் சோபா மாற்ற மாட்டார். ஆனால் 250 ராண்டுக்கு ஒரு குஷன் உறை ஜோடி வாங்கி அதே பழைய சோபாவைப் புதிதாகக் காட்டுவார். கஷ்டகாலத்தில் சின்ன அலங்காரச் சாமான் ஓடுவதன் ரகசியம் இதுதான். பழுப்பும் களிமண் நிறமும் சாம்பல் நிறத்தைத் தள்ளிவிட்டதா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். நிறத்தைப் பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை, ஆறு மாதத்தில் பழசாகிவிடும்.

படத்தில் அழகு, வாசலில் மாட்டிக்கொள்ளும்

இன்ஸ்டாகிராம் பார்த்து வரும் போக்கு, வீட்டின் அளவோடு மோதும் இடம் வாசல். ஆழமான சோபா இப்போது எல்லோருக்கும் பிடிக்கிறது, 95 செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரை ஆழம். இங்கே சாதாரணக் கதவின் அளவு 813 x 2,032 மி.மீ. சட்டமும் கீலும் போகக் கிடைப்பது ஏறக்குறைய 77 செ.மீ. சாட்ஸ்வொர்த்தின் பழைய நகராட்சி வீடுகளில் அதற்கு முன்னால் இரும்புக் கேட் வேறு, உள்ளே திரும்பினால் குறுகிய நடை. சோபாவின் முதுகு உயரம், ஆழம் இரண்டில் எது குறைவோ அது அந்த 77-க்குள் வர வேண்டும். வராவிட்டால் காலைக் கழற்றி, செங்குத்தாக நிறுத்தி, வளைத்து நுழைத்துப் பார்க்கலாம். நடை குறுகலாக இருந்தால் அதுவும் நடக்காது. லாரி திரும்பும், டெலிவரிப் பணம் வீண். பிரித்து மாட்டும் துண்டு சோபாவுக்கு இங்கே கிராக்கி இருப்பதற்கு ஸ்டைலைவிட இதுவே பெரிய காரணம் என்பது எங்கள் கணிப்பு.

மெத்தை அளவும் அப்படித்தான். தென்னாப்பிரிக்காவில் சிங்கிள் 92, முக்கால் 107, டபுள் 137, குயீன் 152, கிங் 183 செ.மீ. அகலம். நீளம் 188, கூடுதல் நீளம் என்றால் 200. இந்தியாவில் குயீனும் கிங்கும் பொதுவாக 198 நீளம் (78 அங்குலம்). அங்கிருந்து தருவிக்கும் விரிப்பில் சாதா விரிப்பு எப்படியும் பொருந்தும். மூலையில் எலாஸ்டிக் வைத்தது 188 மெத்தையில் தொளதொளக்கும். முக்கால் கட்டில் அளவில் அங்கே தேடினால் கிடைப்பது சிரமம், இங்கேயோ பிள்ளைகள் அறையில் அதுதான் அதிகம். மெத்தைகள் தடித்துக்கொண்டே வருவதையும் கவனியுங்கள். முன்பு 25 செ.மீ. இருந்தது இப்போது 35-ஐத் தாண்டுகிறது. பழைய ஆழத்தில் தைத்த விரிப்பு ஒரே இரவில் மூலையிலிருந்து கழன்றுவிடும். கூடுதல் ஆழம் என்று போட்ட விரிப்பு வேகமாகப் போவதற்குக் காரணம் அது.

டர்பன் கடற்கரைக் காற்றைக் கணக்கில் எடுக்காத சரக்கு ஒரு கோடையைத் தாண்டாது. மலிவான கட்டில் தலைப்பலகையும் அலமாரியும் பெரும்பாலும் 16 மி.மீ. சிப்போர்டு, மேலே மெலமைன் பூச்சு. பூச்சு தண்ணீரைத் தடுக்கும்; விளிம்பு தடுக்காது. நான்கு பக்கமும் விளிம்புப் பட்டி ஒட்டியிருக்கிறதா என்று பலகையைக் கவிழ்த்துப் பாருங்கள். கீழ் விளிம்பையும் பின் விளிம்பையும் வெறுமனே விட்டுவிடுவது வழக்கமான சிக்கனம். தரை துடைக்கும் ஈரம் அங்கேதான் ஏறும், பலகை ரொட்டி மாதிரி உப்பும். ஒருமுறை உப்பியது பிறகு காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது, திருகும் பிடிக்காது. குளியல் துண்டிலும் இதே கதை: 600 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 600 கிராம்) துண்டு கையில் எடுத்தால் ஆசையாக இருக்கும், பிப்ரவரிப் புழுக்கத்தில் மறுநாள் வரை காயாமல் வாடை அடிக்கும். 450 அளவு இந்த ஊருக்குச் சரி.

சமையலறையில் இன்டக்‌ஷன் அடுப்பு ஏன் தயங்கித் தயங்கி வருகிறது என்று கேட்பவர்கள் பாத்திர அலமாரியைத் திறந்து பார்க்க வேண்டும். கறி காய்ச்சும் கனமான அலுமினியப் பானைகள்தான் இங்கே தலைமுறைச் சொத்து. அடியில் காந்தம் ஒட்டாத பானை இன்டக்‌ஷனில் சூடாகாது. அடுப்பு விற்க நினைப்பவர் அடியில் இரும்புத் தகடு பதித்த ஸ்டீல் பானைகளையும் பக்கத்தில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வாங்கியவர் மறுநாள் பெட்டியோடு வந்து நிற்பார்.

தவணை என்ற மறைமுக விலை

மரச்சாமான் சந்தையில் தவணை இல்லாமல் போக்கு இல்லை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது மாதத் தொகை, பொருளின் விலை அல்ல. 2016 மே முதல் உள்ள விதிப்படி இப்படிப்பட்ட தவணை ஒப்பந்தத்துக்கு வட்டி உச்சவரம்பு ரெப்போவுடன் 17%. ரெப்போ 7% என்று வைத்துக்கொண்டால் 24%. 10,000 ராண்ட் சோபா, 24 மாதம்: மாதம் 529 ராண்ட், மொத்தம் சுமார் 12,690. இதோடு நிற்காது. தொடக்கக் கட்டணம் 1,050 வரை, சேவைக் கட்டணம் மாதம் 60 வரை (இரண்டுக்கும் மதிப்புக் கூட்டு வரி தனி), கடன் காப்பீடு ஆயிரத்துக்கு மாதம் 4.50 வரை. எல்லாம் உச்சத்தில் இருந்தால் 1,050 + 1,440 + 1,080. அந்த வரியைச் சேர்க்காமலே மொத்தம் 16,260 ராண்டுக்குப் பக்கம். கடன் காப்பீட்டை அந்தக் கடையிலேயே எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சொந்த பாலிசி இருந்தால் அதைக் காட்டலாம்.

வட்டி ஏறும் காலத்தில் மக்கள் லே-பைக்குத் திரும்புவார்கள். அதில் வட்டி கிடையாது, பணம் கட்டி முடித்த பிறகே பொருள் கைக்கு வரும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இடையில் நிறுத்தினால் கடை பிடித்துக்கொள்ளக்கூடியது முழு விலையில் 1% வரைதான். லே-பை கேட்பவர்கள் கூடினால், தேவை இருக்கிறது, கடன் வாங்கப் பயமாக இருக்கிறது என்று அர்த்தம். கடைக்காரருக்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடைக்காது.

எவ்வளவு வாங்கி வைப்பது

விலைப் பட்டியில் 345 ராண்ட் போட்ட பானையில் 15% வரி 45 ராண்ட். உங்கள் கைக்கு வருவது 300. வரி நீக்கிய அடக்கம் 200 என்றால் லாபம் 100. அடக்கத்தின் மேல் அது 50%, விற்பனையின் மேல் 33%. இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘எனக்கு ஐம்பது சதவீதம் நிற்கிறது, இருபத்தைந்து தள்ளுபடி தாங்கும்’ என்று நினைப்பவர்கள் ஏராளம். 25% தள்ளிவிட்டால் கைக்கு 225 வரும், நிற்பது 25 ராண்ட். வாடகையும் கரண்ட் பில்லும் அதில்தான்.

இருப்பை வாரக்கணக்கில் பாருங்கள். கடையில் 60 பானை, வாரம் 5 விற்கிறது என்றால் 12 வார இருப்பு. வெளிநாட்டிலிருந்து கடல்வழி வரும் சரக்குக்கு ஆர்டர் கொடுத்து கைக்கு வர மூன்று மாதம் பிடிக்கும் என்று வையுங்கள், ஆக இன்றே ஆர்டர் போட வேண்டிய நிலை. 2023 நவம்பரில் டர்பன் துறைமுகத்துக்கு வெளியே டஜன் கணக்கில் கப்பல்கள் காத்துக் கிடந்தன. தீபாவளி, பிளாக் ஃப்ரைடே சரக்கை அதற்காகவே ஜூலையில் முடிவு செய்பவர்கள் உண்டு. ஆர்டர் போட்ட பிறகு விற்பனை வாரம் இரண்டாகச் சரிந்தால், அதே 60 பானை 30 வாரத்துக்கு வரும், மேலே கன்டெய்னர் வேறு. தொடர்ந்து நான்கு வாரம் சராசரிக்குக் கீழே போகும் பொருளுக்கு அடுத்த ஆர்டரைப் பாதியாக வெட்டுங்கள், காரணத்தைப் பிறகு தேடலாம்.

இந்தியாவிலிருந்து மேசை கிரைண்டர், இட்லி குக்கர் போன்றவற்றைத் தருவிக்க நினைப்பவர்களுக்கு மின்னழுத்தம் பிரச்சினை இல்லை, இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்தான் இடறும்: கிரைண்டரோடு வரும் சிறிய 6 ஆம்பியர் பிளக் இங்குள்ள பெரிய மூன்று முள் சாக்கெட்டில் பொருந்தாது. அதோடு மின்சாதனம் விற்க, கட்டாயத் தர விதிகளைக் கவனிக்கும் என்ஆர்சிஎஸ் அமைப்பின் அங்கீகாரக் கடிதம் முன்கூட்டியே இருக்க வேண்டும். பெல்ட், கல், சுவிட்ச் ஆகிய உதிரிப் பாகங்களையும் அதே கன்டெய்னரில் ஏற்றச் சொல்லுங்கள். விற்ற ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று தேர்வு செய்யும் உரிமை சட்டப்படி வாடிக்கையாளருக்கு. இறக்குமதி செய்தவர், விற்றவர் இருவருமே அதற்குப் பொறுப்பு. 80 ராண்ட் பெல்ட் கையில் இல்லாததால் முழு கிரைண்டரின் பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேரும்.